சாலமோன் கோயிலும் பூசலார் கோயிலும்

கோயில் என்னும் சொல் அரண்மனையிலிருந்து புறப்பட்டு ஆலயத்தை வந்தடைந்த சொல்லாகும். கோ என்பான் அரசன். இல் என்பது வீடு. பழந்தமிழ் நூல்களில் மன்னன் உறையும் இடத்தைக் குறித்த அச்சொல், பக்தி இயக்கம் தழைத்த காலத்தில் இறைவன் உறையும் இடத்துக்கும் உரியதாயிற்று. எபிரேய மொழியில் ‘பாயித்’ என்னும் சொல்லும் இத்தகையதே. வீடு, அரண்மனை, ஆலயம், வழிவழி வரும் அரச மரபு ஆகிய நான்கையும் அவ்வொரு சொல் குறிக்க வல்லது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிகளில் அரசனின் வீடும் ஆண்டவனின் வீடும் ஒரு பெயரில் அடங்கி நிற்பது தற்செயலன்று. கோயில் எடுப்பது யார் உரிமை, யார் செலவில், யார் பெயரால் என்னும் வினாக்கள் அவ்விரு சொற்களுக்குள்ளும் புதைந்து கிடக்கின்றன.

அவ்வினாக்களை எழுப்பும் இலக்கியங்களாக இரண்டினை ஒருங்கே வைத்துக் காணலாம். ஒன்று, தாவீதும் அவன் மகன் சாலமோனும் எருசலேமில் ஆலயம் எடுக்க முனைந்த வரலாற்றைக் கூறும் விவிலியப் பகுதிகள். மற்றொன்று, கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்துள் அமைந்த பூசலார் நாயனார் புராணம். முன்னது சாமுவேல், அரசர், குறிப்பேடு எனப் பல நூல்களில் பரந்து கிடப்பது. பின்னது இருபதுக்கும் குறைவான பாடல்களில் முடிந்துவிடுவது.

வகுப்பறைகளில் இவ்விரண்டுக்கும் எளிய பொருளே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. சாலமோன் கதை செல்வச் சிறப்பைக் காட்டுவது. பூசலார் கதை எளிமையின் ஏற்றத்தைக் காட்டுவது. ஆதலால் கல்லினும் மனமே பெரிது என்பது முடிபு. இம்முடிபு பிழையன்று; ஆயினும் போதாது. இரு நூல்களையும் நெருங்கிக் கற்போர்க்கு அவை வேறொன்றையும் சொல்லக் காணலாம்.

தாவீது பெற்ற மறுப்பு

தாவீது போர்கள் ஓய்ந்து தன் அரண்மனையில் அமர்ந்திருக்கிறான். தான் கேதுரு மரத்தால் ஆகிய வீட்டில் வாழ, இறைவனின் உடன்படிக்கைப் பேழை திரைகளுக்குள் கூடாரத்தில் இருப்பது அவனை உறுத்துகிறது. நாத்தான் என்னும் இறைவாக்கினரிடம் இதனைக் கூறுகிறான். அவரும் மனத்தில் உள்ளதைச் செய்க என முதலில் இசைகிறார். அன்றிரவே இறைவனின் வாக்கு அவரை மறித்துத் திருப்புகிறது. கூடாரத்திலேயே தம் மக்களோடு உலவி வந்த தாம், கேதுரு மர வீடு கட்டித்தருமாறு எவரிடமேனும் கேட்டதுண்டோ என்பது அவ்வாக்கின் சாரம். தாவீது இறைவனுக்கு வீடு கட்டுவதற்கு மாறாக, இறைவனே தாவீதுக்கு ஒரு வீட்டை, அதாவது அரச மரபை, நிலைநாட்டுவார் எனவும் சொல்லப்படுகிறது. ‘பாயித்’ என்னும் சொல்லின் இரு பொருளும் இங்கு ஒன்றையொன்று தொட்டு விளையாடுகின்றன.

தாவீது ஏன் தடுக்கப்பட்டான்? இவ்வினாவுக்கு மூன்று நூல்களும் மூன்று விடை கூறுவது நோக்கத்தக்கது. சாமுவேல் நூலில், இறைவன் வீடு கேட்கவே இல்லை என்பது காரணம். அரசர் நூலில் சாலமோன் தீர் நாட்டு மன்னன் ஈராமுக்குச் சொல்லி அனுப்பும்போது, சுற்றிலும் மூண்ட போர்களால் தந்தைக்கு இயலாது போயிற்று என்கிறான். அவற்றுக்குப் பின்னர் எழுந்த குறிப்பேட்டு நூலிலோ காரணம் கூர்மையடைகிறது. தாவீது மிகுந்த குருதி சிந்தியவன். அக்கைகள் ஆலயம் எடுக்கலாகாது என்பது அங்கே கூறப்படும் தீர்ப்பு. ஒரு செய்தி நூல்தோறும் வேறுபடுவதை முரண் எனத் தள்ளுதல் திறனாய்வாகாது. ஒரு சமுதாயம் தன் பெருமன்னனைக் குறித்துத் தன்னையே மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்ட கேள்வியின் தடங்கள் அவை. ஒவ்வொரு முறையும் விடை கடினமாகிக்கொண்டே வந்திருக்கிறது.

கணக்கிட்டுக் காட்டிய கோயில்

சாலமோன் தன் ஆட்சியின் நான்காம் ஆண்டில் பணியைத் தொடங்கி ஏழு ஆண்டுகளில் முடித்தான் என்கிறது அரசர் நூல். ஆலயத்தின் நீளம் 60 முழம், அகலம் 20 முழம், உயரம் 30 முழம். லெபனோனிலிருந்து கேதுரு மரங்கள் வந்தன. கற்கள் வெட்டுமிடத்திலேயே செப்பனிடப்பட்டமையால், கட்டுமிடத்தில் சுத்தியல் ஓசையோ இரும்புக் கருவியின் ஓசையோ கேட்கவில்லை.

ஓசை கேளாத அக்கோயிலுக்குப் பின்னால் பேரோசை ஒன்று இருந்ததனையும் அந்நூல் மறைக்கவில்லை. கட்டாய வேலைக்கு 30,000 பேர் திரட்டப்பட்டுத் திங்களுக்குப் 10,000 பேராக லெபனோனுக்கு அனுப்பப்பட்டனர். சுமை தூக்குவோர் 70,000 பேர். மலையில் கல் வெட்டுவோர் 80,000 பேர். மேற்பார்வையாளர் 3,300 பேர். எண்கள் வரலாற்றளவில் மிகையாயிருக்கலாம். இலக்கிய அளவில் அவற்றின் பணி வேறு. பொன்னை எண்ணிய கையே முதுகுகளையும் எண்ணியிருக்கிறது. ஆலயத்துக்கு ஏழாண்டு எனக் கூறிய நூல், அடுத்து மன்னன் தன் அரண்மனைக்குப் பதின்மூன்று ஆண்டு எடுத்துக்கொண்டான் எனவும் கூறிவிட்டு, வேறு சொல்லாமல் நகர்ந்துவிடுகிறது. சொல்லாமல் விட்ட சொல்லே அங்குக் கண்டனமாகிறது.

சாலமோன் மறைந்தபின் மக்கள் அவன் மகன் ரெகொபெயாமிடம் வந்து, தந்தை வைத்த நுகத்தை இலகுவாக்குமாறு கேட்கின்றனர். அவன் மறுக்கிறான். கட்டாய வேலைக்குத் தலைவனாயிருந்தவனை மக்கள் கல்லெறிந்து கொல்கின்றனர். நாடு இரண்டாகப் பிளக்கிறது. கல்லால் எழுந்த பெருமை கல்லாலேயே பதில் பெறுகிறது. காவிய நீதி எனத் தமிழர் கூறும் ஊழின் உருத்து வருதல் இங்கும் உண்டு.

குறிப்பேட்டு நூல் இவ்விடத்தில் ஒரு மாற்றம் செய்கிறது. உழைத்தோர் அனைவரும் நாட்டில் தங்கியிருந்த அந்நியர் எனக் கூறி, அவர்தம் தொகையை 1,53,600 என்கிறது. தம் மக்கள் சுமந்த பாரத்தை அந்நியர் தோளுக்கு மாற்றிவிடும் இவ்வழக்கம் எந்நாட்டு வரலாற்றுக்கும் புதிதன்று. ஆயினும் அதே ஆலயத்தின் அர்ப்பணிப்பு நாளில் சாலமோன் வேண்டுவது வியப்பளிப்பது. வானங்களும் கொள்ளாத இறைவனை இவ்வீடு எவ்வாறு கொள்ளும் எனத் தானே ஐயுறுகிறான். பின்னர், தொலைநாட்டிலிருந்து வரும் அந்நியன் இவ்வாலயத்தை நோக்கி வேண்டினால் அவன் வேண்டுதலையும் கேட்டருள்க என மன்றாடுகிறான். கல் சுமந்தவனும் அந்நியன். கேட்கப்பட வேண்டிய குரலும் அந்நியன் குரல். இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காண்பது கற்போர் கடமை.

நினைவால் எழுந்த கோயில்

இனிச் சேக்கிழாரிடம் வருவோம். திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் சிவனுக்குக் கோயில் எடுக்க விழைந்தார். எங்கும் தேடியும் பொருள் கிடைக்கவில்லை. வருந்தியவர் மனத்திலேயே பொருள் திரட்டத் தொடங்குகிறார். கருவிகளைச் சேர்க்கிறார், தச்சரைத் தேடி அமர்த்துகிறார், நல்ல நாள் பார்த்து ஆகம முறைப்படி அடிநிலை இடுகிறார், இரவிலும் உறங்காது பணி செய்கிறார். அடிவரிசை முதல் சிகரம் வரை முழக்கணக்கில் அளந்து எழுப்புகிறார். தூபி நட்டு, சுதை வேலை முடித்து, கிணறு அமைத்து, மதில் எடுத்து, குளமும் தோண்டுகிறார். நெடுநாள் சென்றே அக்கோயில் நிறைவுறுகிறது.

மனக்கோயில் என்றவுடன் கண நேரக் கற்பனை எனக் கருதுவோர் இப்பாடல்களை விரைந்து கடந்தவராவர். சேக்கிழார் பூசலாருக்கு எவ்விதச் சலுகையும் தரவில்லை. கல்லுக்குரிய ஒழுங்கு அனைத்தும் கருத்துக்கும் உண்டு. நாள் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், விழித்திருக்க வேண்டும். நினைப்பதற்குச் செலவில்லை என்பதால் ஒரே இரவில் ஆயிரங்கால் மண்டபம் எழுப்பிவிடலாம். பூசலார் அது செய்தாரில்லை. அவர் கட்டியது பெருங்கோயில் என்பதினும், பொய்யில்லாத கோயில் என்பதே சேக்கிழார் காட்ட விழையும் சிறப்பு. சாலமோன் ஆலயத்தைப் போன்றே இதுவும் முழக்கோலால் அளக்கப்பட்டது. இங்கும் சுத்தியல் ஓசை இல்லை. ஒரே வேறுபாடு, இவ்வமைதிக்காக எந்த மலையிலும் எவர் முதுகும் வளையவில்லை.

அதே வேளையில் காஞ்சியில் காடவர் கோமான் கற்றளி எடுத்து முடித்துப் பெருஞ்செல்வம் வகுக்கிறான். இறைவன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் கட்டிய ஆலயத்துள் தாம் நாளை புகவிருப்பதாகவும், மன்னன் தன் விழாவை ஒழிந்து பின்னொரு நாளில் வைத்துக்கொள்ளுமாறும் பணிக்கிறார். மன்னன் நின்றவூர் சென்று வினவுகிறான். ஊரார் அப்படியொரு கோயிலே இல்லை என்கின்றனர். பூசலாரைத் தன் முன் வரவழையாது தானே அவரிடம் சென்று வணங்கி, கட்டிய ஆலயம் யாது எனக் கேட்கிறான். மருண்டு நின்ற அடியார், பொருளில்லாமையால் மனத்தால் எடுத்த கோயில் இது எனச் சிந்தித்து, எடுத்தவாறே எடுத்துச் சொல்கிறார். அரசன் வியந்து நிலத்தில் வீழ்ந்து வணங்கித் தன் படையோடு ஊர் திரும்புகிறான்.

பெயரும் பெயரின்மையும்

இம்மன்னன் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த இராசசிம்ம பல்லவன் என ஆய்வாளர் பலர் கருதுவர். அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, கலியுகத்திலும் அம்மன்னன் வானொலி கேட்டான் எனப் புகழ்கிறது. பெரியபுராணக் கனவின் வேரை அங்கே காண்பாரும் உளர். அக்கோயில் மன்னனின் பெயராலேயே இராசசிம்ம பல்லவேச்சுரம் எனப்பட்டது. சுற்றியுள்ள சிற்றாலயங்களில் அவனுடைய பட்டப்பெயர்கள் இருநூறுக்கு மேல் பொறிக்கப்பட்டுள்ளன. போரில் வெல்வோன் எனப் பொருள்படும் இரணசயன் என்பதும் அவற்றுள் ஒன்று.

கல்லில் இத்தனை பெயர் பொறித்தவனுக்குச் சேக்கிழார் பூசலார் புராணத்தில் ஒரு பெயரும் தரவில்லை. காடவர் கோமான் என்னும் குலப்பெயரோடு அமைகிறார். இறைவன் திருவாயால் ஊரும் பேருமாக அழைக்கப்படுபவர் பொருளற்ற பூசலாரே. எவருடைய பெயர் நிற்கும் என்னும் வினாவுக்குச் சேக்கிழார் தந்த விடை இஃது. இவ்விடையைத் தந்தவர் துறவியோ ஏழைப் புலவரோ அல்லர். தில்லைக்குத் திருப்பணி செய்த சோழப் பேரரசன் இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அரசவையில் அமர்ந்துகொண்டு, இறைவன் முதலில் புகும் கோயில் அரசனுடையதன்று எனப் பாடுவதற்குப் பக்தியோடு துணிவும் வேண்டும்.

ஆயினும் சேக்கிழார் கேளாது விட்டவையும் உண்டு. குருதி சிந்திய கை கோயில் எடுக்கலாமா என்னும் கேள்வி பூசலார் புராணத்தில் எழவில்லை. காஞ்சிக் கற்றளிக்குக் கல் சுமந்தோர் எத்தனை பேர், அவர் பெற்றது யாது என்பதும் அங்கில்லை. மன்னனை எதிர்நின்று வினவும் நாத்தானைப் போன்ற ஒருவருக்கு அங்கே இடமில்லை; கனவு அப்பணியை மென்மையாகச் செய்துவிடுகிறது. தாவீதுக்குக் கிடைத்தது மறுப்பு. காடவனுக்குக் கிடைத்தது ஒரு நாள் தள்ளிவைப்பு மட்டுமே. செல்வத்தின் செருக்கைச் சேக்கிழார் தீண்டினார்; செல்வத்தின் பிறப்பை விவிலிய ஆசிரியர்கள் தீண்டினர். இரண்டனுள் எது சிறந்தது எனத் தீர்ப்பதினும், ஒன்று விட்டதை மற்றொன்று நிரப்புவதைக் காண்பதே ஒப்பிலக்கியத்தின் பயன்.

இடிந்தபின் எழுந்த அளவுகள்

மற்றொரு செய்தியும் இங்கே இன்றியமையாதது. கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேமை வீழ்த்தி ஆலயத்தை எரித்தனர். மக்கள் சிறைப்பட்டு அயல்நாடு சென்றனர். அரசர் நூல் இன்றுள்ள வடிவை அடைந்தது அச்சிறையிருப்புக் காலத்தில் என்பர் அறிஞர். அஃதாவது 60 முழம், 20 முழம், 30 முழம் என நூல் நிரல்படக் கூறும்போது, அளப்பதற்கு அங்கே சுவரில்லை. அதே அயல்நாட்டில் வாழ்ந்த எசேக்கியேல் என்னும் இறைவாக்கினர், தம் சிறையிருப்பின் 25ஆம் ஆண்டில் ஒரு காட்சி காண்கிறார். புதிய ஆலயம் ஒன்று வாயில் வாயிலாக, அறை அறையாக அளவுகோலால் அளக்கப்படுகிறது. அவர் நூலின் இறுதி ஒன்பது அதிகாரங்கள் அக்காட்சிக்கு உரியன. சாலமோனின் கோயிலும் முடிவில் பூசலார் கோயிலாயிற்று எனலாம். இழந்தோரும் இல்லாதோரும் ஒரே முறையில் கட்டுகின்றனர்; நினைவில், ஆனால் அளவு பிசகாமல்.

சிங்கைத் தமிழர்க்கு இதன் பொருள்

இவ்விலக்கியங்கள் சிங்கப்பூரில் கற்பிக்கப்படும்போது அவை தொலைநாட்டுக் கதைகளாக நின்றுவிடலாகாது. இந்நகரின் நடுவே எழுந்து நிற்கும் புனித அந்திரேயா பேராலயத்தின் இன்றைய கட்டடத்துக்கு 1856இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1862இல் அது அர்ப்பணிக்கப்பட்டது. அதனைக் கட்டியவர் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த சிறைக்கைதிகள். அதன் வெண்சுவர்களுக்கு மெருகேற்றியது சென்னைச் சுண்ணாம்புச் சாந்து. கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சருக்கரையும் கலந்து அரைத்த அச்சாந்து, பூசலார் மனத்தால் பூசிய சுதையின் உறவு. கட்டுவித்தோர் பெயர்களைக் கல்வெட்டுகள் பேணும். சாந்து அரைத்த கைகளின் பெயர்களை அத்தகைய கல்வெட்டில் எவரும் தேட வேண்டியதில்லை. அரசர் நூலின் சுமைகாரர் பட்டியலைக் கற்கும் மாணவர்க்கு இதனினும் அருகிலுள்ள உரைவிளக்கம் வேறில்லை.

தமிழரே எடுத்த கோயில்களும் இங்கே மனத்திலிருந்து தொடங்கியவையே. நாராயண பிள்ளை முன்னின்று 1827இல் அமைத்த மாரியம்மன் கோயில் மரமும் அத்தாப்பும் கொண்ட எளிய குடில். ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த சிவன் கோயில் விரைவு ரயில் பணிக்காக 1983இல் இடம்விட்டு, சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலை அடுத்துப் பத்தாண்டுக் காலம் தங்கி, 1993இல் கேலாங் ஈஸ்டில் குடமுழுக்குக் கண்டது. கூடாரத்தில் உலவிய பேழையின் கதையை அவ்வடியார்கள் நூலில் கற்க வேண்டியதில்லை. தம் வாழ்நாளிலேயே கண்டனர்.

பூன் லேயைக் கருதுக. சூ பூன் லே என்னும் சீன வணிகரின் பெயர் தாங்கிய வட்டாரம் அது. 1961இல் தொடங்கிய ஜூரோங் தொழிற்பேட்டை வளர்ச்சி, சதுப்பும் காடுமாயிருந்த அம்மேற்குப் பகுதியை ஆலைகளாகவும் அடுக்குமாடி வீடுகளாகவும் மாற்றியது. அவ்வீடுகளில் குடியேறிய தமிழர், கூடத்தின் ஒரு மூலையிலோ சுவரலமாரியின் ஒரு தட்டிலோ சாமிப்படம் வைத்து விளக்கேற்றினர். அத்தட்டுக்கு நீளமும் அகலமும் உண்டு. நாளும் கிழமையும் உண்டு. இன்று பூன் லே ரயில் நிலையத்துக்கும் பேருந்து முனையத்துக்கும் விடுமுறை நாளில் வந்து கூடும் தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளரை அனைவரும் காண்பர். இந்நகரின் உயர்ந்த கட்டடங்கள் அவர்தம் கையால் எழுவன. அவர் வாழும் விடுதியில், அடுக்குக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிய ஒரு படமே அவர் கோயில். சாலமோனின் சுமைகாரரும் திருநின்றவூர்ப் பூசலாரும் ஓருடலில் வந்து நிற்கும் காட்சி அது. பகலில் பிறருக்காகக் கல்லால் கட்டுவோர், இரவில் தமக்காக நினைவால் கட்டுகின்றனர்.

இக்காட்சியை மறந்து, கல்லினும் மனம் பெரிது என்பதோடு பாடத்தை முடித்துக்கொள்வது ஒருவகையில் தீங்குமாகும். வறியோர்க்கு மனக்கோயில் போதும் எனச் சொல்லி வசதியுள்ளோர் அமைதி கொள்ள அது இடந்தந்துவிடும். சேக்கிழார் அவ்வாறு சொல்லவில்லை. பூசலார் முதலில் பொருள் தேடினார், கிடைக்காமையால் வருந்தினார். அவ்வருத்தத்தைக் கவிஞர் மறைக்கவில்லை. அரசனும் ஏழையின் மனத்தைப் புகழ்ந்துவிட்டுத் தன் அரியணையில் இருந்துவிடவில்லை. தேடிச் சென்றான், நிலத்தில் வீழ்ந்தான். கோயில் இல்லை எனக் கூறிய ஊரார், பூசலாரோடு ஒரே தெருவில் வாழ்ந்தும் அவரைக் காணாதவர்கள்.

திருநின்றவூரில் இன்று இருதயாலீசுவரர் கோயில் கல்லாலேயே நிற்கிறது. நினைவால் எழுந்தது பிற்காலத்தில் கல்லாயிற்று. எருசலேமில் கல்லால் எழுந்தது நினைவாயிற்று. இவ்விரு வழிப்பயணத்தையும் மாணவர் அறிய வேண்டும். கோயிலைக் காணும்போது அதனைக் கட்டுவித்தவன் யார் எனக் கேட்பதோடு நில்லாமல், கட்டியவர் யார், அவர்க்கு வீடு இருந்ததா எனவும் கேட்கும் பழக்கத்தை ஓர் ஆசிரியர் வகுப்பில் உண்டாக்குவாராயின், சேக்கிழாரும் பெயரறியாத அந்த எபிரேய ஆசிரியர்களும் எழுதியது வீண்போகவில்லை எனலாம்.